அவன் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்

பிள்ளைக்குப் போதைப் பழக்கம் இருக்கிறதோ என்ற சந்தேகம் நுழைந்த வீடுகளில் முதல் சில வாரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழிகின்றன. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மா சட்டைப் பையைத் துழாவுகிறார். அப்பா ஒருநாள் பொறுக்க முடியாமல் கையை ஓங்கிவிடுகிறார். தாய்மாமனை வரவழைத்துப் பேச வைக்கிறார்கள். குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டுகிறார்கள். அவனும் அழுதுகொண்டேதான் சத்தியம் செய்கிறான். அந்த நேரத்தில் அது பொய்யும் இல்லை. பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. அதற்குள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே நின்று போயிருக்கும்.

அந்த வாரங்களைக் குறைப்பதற்குத்தான் இந்த அத்தியாயம். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை தொடங்க அவன் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனநல மருத்துவரையோ போதை மீட்பு ஆலோசகரையோ முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான பெற்றோருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் மிகச் சிலருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. மற்றவர்களுக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மகன் என்றே இங்கே எழுதிக்கொண்டு போகிறேன். மகள், கணவர், தம்பி என யாருக்கும் இது பொருந்தும். பெண்பிள்ளை என்றால் குடும்பம் இன்னும் இறுக்கமாக மூடி மறைக்கும், அதனாலேயே அவளுக்குச் சிகிச்சை இன்னும் தாமதமாகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கண்ணில் படுபவை

ஒற்றை அறிகுறியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரவில் கண் விழிக்காத கல்லூரி மாணவன் யார்? மூன்று நான்கு வாரங்களில் தூக்கம், சாப்பாடு, பணம், கூட்டாளிகள், குளியல், படிப்பு என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றம் தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும். பணம் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். அண்டாவில் போட்டு வைத்த சில்லறை குறையும், தங்கையின் கொலுசு காணாமல் போகும், வண்டிக்குப் பெட்ரோல் போட்டதாகச் சொல்வான், டேங்க் காலியாக இருக்கும்.

கஞ்சா என்றால் கண் சிவந்திருக்கும். அதை மறைக்கக் கண் சொட்டு மருந்துப் புட்டி பையிலேயே இருக்கும். இலை கருகிய வாடை சட்டையில் ஒட்டியிருக்கும். சுருட்டும் பேப்பரும், வடிகட்டிக்காக நீளவாக்கில் கிழித்த விசிட்டிங் கார்டுத் துண்டுகளும் கிடைக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வரும், நள்ளிரவில் பசி எடுக்கும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம்.

மாத்திரைப் பழக்கத்தைத்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் தவறவிடுகின்றன. டேபென்டடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகளைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் பையன்களிடம் பரவியிருக்கிறது. வாயில் வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை. கண்ணின் கருமணி மட்டும் மங்கிய வெளிச்சத்திலும் குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். சோற்றைப் பிசைந்த கை தட்டில் இருக்க, தலை மெல்லத் தொங்கும். கூப்பிட்டால் நிமிர்ந்து, "தூங்கலம்மா" என்பான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டான். வண்டி சீட்டுக்கு அடியில் காலி மாத்திரை அட்டை, ஊசி, பஞ்சு, அடி கருகிய பாட்டில் மூடி இருக்கலாம்.

மாத்திரை கிடைக்காத நாளைக் கவனியுங்கள். விடாமல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், கையெல்லாம் மயிர்க்கூச்சம், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. வைரல் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பீர்கள். சாயங்காலம் போன் வரும். படுத்த படுக்கையாகக் கிடந்தவன் அரைமணி நேரம் வெளியே போய்விட்டுத் தெளிவாக வந்து நிற்பான். எந்தக் காய்ச்சலும் அப்படி இறங்காது.

தூக்க மாத்திரை போடுகிறவனுக்குக் குடித்தவன் போல நாக்குக் குழறும், ஆனால் மது வாடை இருக்காது. மெத்தம்பெட்டமைன் என்றால் நேர்மாறு. இரண்டு மூன்று நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஓயாத பேச்சு, விரிந்த கருமணி, பல்லைக் கடிப்பது, எல்லோர் மீதும் சந்தேகம். பிறகு அடித்துப் போட்டாற்போல் ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்துக்குப் பின் வரும் நாட்களில் மனம் அதலபாதாளத்துக்குப் போகும், தற்கொலை எண்ணம் வரலாம். அப்போது தனியாக விடாதீர்கள். சிறுவர்களிடம் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடையையும் வாயைச் சுற்றிய புண்ணையும் பாருங்கள்.

இவற்றில் பல மனச்சோர்வுக்கும் தேர்வு பயத்துக்கும்கூடப் பொருந்தும் என்பது உண்மை. அதற்கும் போக வேண்டிய இடம் மனநல மருத்துவர்தான். ஆகவே ஆதாரம் தேடி மாதக்கணக்கை வீணாக்காதீர்கள். மருந்துக் கடையில் சிறுநீர்ச் சோதனைக் கிட் வாங்கி, அவனுக்குத் தெரியாமல் சோதிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அபின் வகைப் பொருளைக் கண்டுபிடிக்கும் சாதாரணக் கிட்டில் டேபென்டடால் தெரியாது. 'இல்லை' என்று காட்டிய ஒரு பட்டை உங்களை ஏமாற்றிவிடும். 'இருக்கிறது' என்று காட்டினாலும், கொஞ்சமிருந்த நம்பிக்கையும் அன்றோடு போய்விடும்.

பேசுவது

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். கிடைக்காமல் துடிக்கும்போதும் பேசாதீர்கள். காலையில் எழுந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்ட பிறகு பேசுங்கள். வீட்டில் அவன் யாருக்குக் கொஞ்சமாவது காது கொடுப்பானோ அவர் மட்டும் பேச வேண்டும். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டால் அது பஞ்சாயத்தாகிவிடும். பஞ்சாயத்தில் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான்.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு அம்மா இப்படித் தொடங்கலாம்:

"தம்பி, ரெண்டு வாரமா உன்னைப் பாத்துட்டு இருக்கேன். சாப்பிடும்போதே கண்ணு சொருகுது. நேத்து கையில ஊசி குத்துன தழும்பைப் பாத்தேன். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. உன்னைத் திட்டக் கூப்பிடல. என்ன நடக்குதுன்னு சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா. ரத்தம் குடுத்தேன்."

"சரிப்பா. நீ சொல்லணும்னு தோணும்போது சொல்லு. நான் வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில டாக்டரைப் பாக்கப் போறேன். எனக்காகத்தான் போறேன். நீயும் வந்தா நல்லது."

முதல் பேச்சுக்கு அவ்வளவு போதும். 'குடும்ப மானத்தை வாங்கிட்டியே', 'உன் தங்கச்சியை யார் கட்டுவா' என்பதெல்லாம் உங்கள் வலியிலிருந்து வருகிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கேட்டவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, ஓடத்தான் தோன்றும். இது வெறும் ஊகம் இல்லை. சிகிச்சைக்கு வரவே மறுத்த குடிநோயாளிகளின் குடும்பங்களை வைத்து அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. எல்லோரும் கூடி நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் முறையில் நூற்றுக்கு முப்பது பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். எப்போது பேசுவது, தெளிவாக இருக்கும் நாளில் எப்படி அன்பு காட்டுவது, போதையில் இருக்கும்போது எப்படி ஒதுங்கிக்கொள்வது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த முறையில் அறுபத்து நான்கு பேர் வந்தார்கள்.

அந்த முறையின் சாரத்தை நீங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். அவன் தெளிவாக இருக்கும் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். போதையில் வந்தால் சண்டையும் வேண்டாம், பணிவிடையும் வேண்டாம். பத்திரமாகப் படுத்திருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். கையில் ரொக்கம் தராதீர்கள், காலேஜ் ஃபீஸையும் மெஸ் பணத்தையும் நேராகக் கட்டுங்கள். அவனுக்காக முதலாளிக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். அடிதடி என்ற நிலை வந்தால் பொறுமை காட்டும் கடமை உங்களுக்கு இல்லை. பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

உயிரைப் பறிக்கும் தவறுகள்

நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அறையில் பூட்டிப் போடுவது முதல் தவறு. தினமும் அதிகமாகக் குடித்தவரும் தூக்க மாத்திரைக்கு அடிமையானவரும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடி நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது என்று தொடங்கும் குழப்பநிலை உயிருக்கே ஆபத்து. அதைப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று கூட்டிக்கொண்டு அலையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கஞ்சாவையும் வலி மாத்திரையையும் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் வலி மாத்திரையை நிறுத்தும்போது வரும் வேதனை, இரண்டாம் மூன்றாம் நாளில் எந்த மனஉறுதியையும் உடைத்துவிடும். மருந்தோடு நிறுத்தினால் அந்த வேதனை வெகுவாகக் குறையும்.

அடுத்தது, 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று விற்கப்படும் மாத்திரையும் பொடியும். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில், சாப்பிடுகிறவர் தெரிந்தே எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அது. தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இறக்கவும் கூடும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து இருக்கிறது. இந்தத் தவறைச் செய்கிறவர்கள் கணவரைக் காப்பாற்ற நினைத்த மனைவிகள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கலக்காதீர்கள்.

மூன்றாவது, குறட்டை விடுகிறான், தூங்கட்டும் என்று விட்டுவிடுவது. எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ கரகரவென்றோ வருகிறது, உதடு நீலம் பூக்கிறது, கருமணி குண்டூசி முனையாக இருக்கிறது என்றால் மருந்து அளவு மீறிவிட்டது. 108-ஐ அழைத்து, ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் மோர், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். என்ன போட்டான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்தான நலோக்சோன் நிமிடங்களில் வேலை செய்யும்.

எங்கே போவது

வீட்டை விட்டு நகராமல் தொடங்க வேண்டுமென்றால் இரண்டு எண்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. எல்லா மனநலப் பிரச்சினைக்கும் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டும் இலவசம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

நேரில் போக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையே முதலில் பரிந்துரைக்கிறேன். புறநோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு, 'பையனுக்குப் போதைப் பழக்கம், அவன் வரவில்லை, நான் ஆலோசனை கேட்க வந்தேன்' என்று சொன்னால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. சென்னையில், 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை அமைத்திருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பெண் தொடங்கிய இடம் அது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து மாற்றம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, வீட்டில் கிடைத்த அட்டையில் இருந்த பெயர், வலிப்பு வந்திருக்கிறதா, சாகப்போகிறேன் என்று சொன்னானா. காலி அட்டை இருந்தால் அதையே எடுத்துப் போங்கள். கூட்டத்தில் மருத்துவருக்கு நேரம் குறைவு. அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

ஊசிப் பழக்கம் இருந்தால், நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். ஹெபடைட்டிஸ் சி-யும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு இப்போது அரசு மருத்துவமனையில் மூன்று மாத மாத்திரையே போதும், பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள். வலி மாத்திரைப் பழக்கத்துக்கு மருத்துவர் புப்ரினார்பின் என்ற மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கச் சொன்னால், 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா' என்று மறுக்காதீர்கள். அது ஏற்ற இறக்கமில்லாமல் உடலை நிலையாக வைத்திருக்கும். வேலைக்குப் போகவும் சாப்பிடவும் தூங்கவும் முடியும். அளவு மீறிச் சாகும் ஆபத்தை அது பெருமளவு குறைக்கிறது. கஞ்சாவுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் அப்படியொரு மாத்திரை கிடையாது. ஆலோசனையும் காலமும்தான் மருந்து.

'டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ?' மருத்துவரின் வேலை சிகிச்சை. நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விற்றவனுக்கு இது பொருந்தாது.

வேன் வைத்துத் தூக்கிப்போகும் மையங்கள்

நம்பிக்கை இழந்த குடும்பத்திடம், 'போன் பண்ணுங்க, ராத்திரியே நாலு பேர் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க, ஆறு மாசம் கவலையே வேண்டாம்' என்று சொல்லும் தனியார் மையங்கள் உண்டு. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பது அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதை நோய்க்கும் பொருந்தும். சங்கிலியில் கட்டுவதை அது முற்றாகத் தடை செய்கிறது. விருப்பமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமென்றால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், முதலில் அதிகபட்சம் 30 நாள்தான்.

சேர்க்கும் முன் நேரில் போங்கள். மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஒருவரோடு தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். 'முதல் மாதம் போனும் கிடையாது, பார்க்கவும் முடியாது' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பேசவும் பார்க்கவும் நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால் பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

சில வாரம் நிறுத்தியிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு போட்ட அதே அளவை ஒரே ஒருமுறை போட்டாலும் மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. இதை அவனிடமே நேரடியாகச் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை. மருந்து விடாமல் சாப்பிடுவதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதும் பல மாதம் தொடர வேண்டும். பழைய கூட்டாளிகள் இல்லாத சாயங்காலம் மிக நீளமாக இருக்கும். அந்த நேரத்துக்கு ஜிம், கடை வேலை, கிரிக்கெட் என்று எதையாவது அவனோடு சேர்ந்து யோசியுங்கள். நார்காட்டிக்ஸ் அனானிமஸ், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உங்கள் ஊரில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாகக் கூட்டம் உண்டு. கட்டணம் இல்லை.

மறுபடி ஒருநாள் போட்டுவிட்டு வரலாம். பலருக்கு நடக்கிறது. அன்று 'எல்லாம் போச்சு' என்று தோன்றும்; அவனுக்கும் அப்படித்தான் தோன்றும், அதனாலேயே மறுநாளும் போடுவான். சண்டை போடாமல் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டிருங்கள். பழைய சீட்டையும் மருந்தையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். விடிந்ததும் அதே புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அவன் வர மறுத்தால், முதல்முறை போனது போலவே நீங்கள் மட்டும்.